அரசமுக அளவை நீக்கிய ஓலை

கதிர் தவறாது எழுக. மழை நாள் பிழையாது பெய்க. உவர்முனைக் கோட்டையின் கிணறுகள் என்றும் இனித்திருக்க.

வேங்கைக்கொடி உயர்த்தியவரும், ஏழு உப்பளங்களுக்கும் ஈராற்றுக்கும் உரியவரும், குடிகளின் முறையீட்டுக்கு வாயில் அடைக்காதவருமாகிய கருவேங்கை நாட்டுக் கோமான் வயவேந்தர் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் ஓலைநாயகம் காஞ்சிரங்கிழான் எழுதிய இவ்வோலை, மேற்கெல்லை காக்கும் கோட்டைத் தலைவரும், மிதிவண்டித் தூதர் நாற்பதின்மருக்கு மேலாளருமாகிய வேலங்கோடரையர் கையில் சேர்க. உம் இல்லத்தார் நலமா, கொத்தளத்தின் புதிய சுவர் உப்புக்காற்றைத் தாங்கி நிற்கிறதா என்று கோமான் வினவுகிறார். தலைநகரில் யாவரும் நலம்.

நீர் விடுத்த முறையீட்டோலை சென்ற திங்கள் வளர்பிறையில் வந்து சேர்ந்தது. உம் தூதருள் ஒருத்தியாகிய சேந்தி என்பாள், கோமான் அளித்த கருங்கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு கோட்டைக்குள் நுழைந்தாள் என்பது அதில் முதற்குற்றம். அக்கண்ணாடியின் மூக்குப்பகுதியில் பஞ்சு வைத்துத் துணி சுற்றி அரசபரிசை உருக்குலைத்தாள் என்பது அடுத்தது. பின்னொரு நாள் உப்பளத்து வரப்பிலிருந்து வண்டியோடு விழுந்து ஓலைக்குழாயை உவர்நீரில் மூழ்கடித்தாள் என்பதை எல்லாவற்றிலும் பெரிதாக எழுதி, அவள் பெயரைத் தூதர் பட்டியலிலிருந்து என்றென்றைக்கும் நீக்க ஆணை வேண்டியிருந்தீர். உம் எழுத்து அழகாக இருந்தது. சினமும் குறையாமல் இருந்தது. ஆயினும் அவள் கண்கள் எப்படி இருக்கின்றன என்று ஒரு சொல்லும் அதில் இல்லாதது கோமானுக்கு உறுத்தியது. ஆகவே ஓலைநாயகத்தையும் அரண்மனைக் கண்மருத்துவச்சி நல்லெயினியையும் அங்கே அனுப்பினார். அவர்கள் வந்து தங்கிய நாள்களில் நீர் எல்லைக் காவலைப் பார்வையிடச் சென்றிருந்தீர். கண்டதும் கேட்டதும் இங்கே எழுதப்படுகின்றன.

சேந்திக்கு வயது முப்பத்து நான்கு. பதினோராண்டாக உப்புவழியில் மிதிவண்டி ஓட்டுபவள். அவ்வழி எப்படிப்பட்டது என்பதை உமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீர் அதைப் பல்லக்கின் திரைக்குப் பின்னிருந்து அறிந்தவர், அவள் இருக்கை மேலிருந்து அறிந்தவள். இருபுறமும் வெளுத்துக் கிடக்கும் உப்பு. மேலிருந்து ஒரு வெயில், கீழிருந்து ஒரு வெயில். காற்று எதிர்த்தால் உப்புத்துகள் கன்னத்தில் ஊசியாய்க் குத்தும். அந்த வழியில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே அவள் நெற்றியில் வயதுக்கு மீறிய கோடுகள் விழுந்திருக்கின்றன. எனவே சென்ற ஆண்டு கோமான் தூதர் யாவர்க்கும் கருங்கண்ணாடி வழங்கச் சொன்னபோது அவள் மெய்யாகவே மகிழ்ந்தாள். அரசர் தன்னை நினைத்தார் என்று தன் தெருவெல்லாம் காட்டி வந்தாள்.

பிழை நேர்ந்த இடம் அரண்மனைப் பட்டறை. நம் நாட்டில் அளவு என்பது அரசர் திருமேனியிலிருந்தே பிறப்பது. அரசடியால் நிலம் அளக்கிறோம். அரசமுழத்தால் துணி அளக்கிறோம். செருப்புத் தைப்போர் மட்டும் இம்முறையைக் கேட்டும் கேளாதவர்போல் இருந்து குடிகளின் கால்களைக் காத்து வருகிறார்கள் என்பதை இத்தனை காலம் கோமானிடம் எவரும் சொன்னதில்லை. பட்டறையாரோ விதி வழுவாதவர்கள். முடிசூட்டு நாளில் கோமான் முகத்தில் மெழுகு ஒற்றி எடுத்த அச்சு கருவூலத்தில் இருந்தது. அதை எடுத்து வந்து, அரசமுக அளவில் நாற்பது கண்ணாடிகளையும் ஒரே வார்ப்பாக வார்த்துத் தள்ளிவிட்டார்கள். அணியப்போகும் நாற்பது முகங்களில் ஒன்றையாவது பார்த்து வருவோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வேலையைப் பாராட்டி ஓலை எழுதியவன் இந்த ஓலைநாயகமே என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறான்.

சேந்தியின் முகம் ஒடுங்கியது, மூக்குத்தண்டு தாழ்ந்தது. கண்ணாடி அவள் மூக்கில் அமரவில்லை, கன்னத்தில் அமர்ந்தது. வியர்வை பூத்ததும் அங்கிருந்தும் இறங்கியது. விசாரணையில் அவள் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் தருகிறோம்: “மூக்குல நிக்க மாட்டேங்குது ஐயா. ஒரு கையால அதப் புடிச்சா இன்னொரு கையாலதான் வண்டியப் புடிக்கணும். சைடுல விரல் போற அளவுக்குச் சந்து. அது வழியா உப்பு உள்ள போயிட்டு வெளிய வரத் தெரியாம அங்கேயே சுத்துது. அதுக்கு வெறுங்கண்ணே மேல்னுதான் கழட்டினேன். ராசா குடுத்தத வேணாம்னு சொல்ல நான் யாரு?” அவள் பஞ்சு வைத்துத் துணி சுற்றியதும் இதனாலேயே. தன் தலைத்துணியின் ஓரத்தைக் கிழித்து, அதையும் மஞ்சள் நூலால் அழகாகவே தைத்திருக்கிறாள். நீர் அதை உருக்குலைவு என்று எழுதினீர். நல்லெயினி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பட்டறையார் செய்யாமல் விட்ட வேலையை இந்தப் பெண் செய்ய முயன்றிருக்கிறாள் என்றார்.

அந்தப் பஞ்சையும் துணியையும் பிய்த்தெறியச் செய்து, முப்பது நாள் அக்கண்ணாடியைக் கழற்றாமல் ஓட்ட வேண்டும் என்று அவளுக்குத் தண்டம் விதித்தீர். உமக்கு அக்கண்ணாடி நன்கு பொருந்தியதாகவும் எழுதியிருந்தீர். வேலங்கோடரையரே, உம் திருமுகம் அகன்ற முகம். போதாததற்கு நீர் அதைக் கொத்தளத்து நிழலில் நாற்காலியில் அமர்ந்து அணிந்தீர். அவள் இருபத்து மூன்று நாள் ஓட்டினாள். கண் சிவந்தது, நீர் வடிந்தது, விளக்கைப் பார்த்தால் குத்தியது. இருபத்து நான்காம் நாள் உச்சிவேளையில், அளத்து வரப்பின் வளைவில் கண்ணாடி நழுவி வாய்வரை இறங்க, அதைத் தள்ளிவிடக் கையெடுத்தபோது சக்கரம் வரப்பை விட்டது. அவள் விழுந்ததும் முதலில் தேடியது தன் கண்ணாடியை அன்று, ஓலைக்குழாயை. பார்வை மங்கிய நிலையில் உவர்நீரில் கையால் துழாவித் துழாவி அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாளாம். கண்டெடுத்த அளத்துத் தொழிலாளர் சொன்ன செய்தி இது. உம் ஓலையில் இது இல்லை.

இனி மருத்துவச்சி கண்டறிந்தது. நழுவியது ஒரு பிழை. அக்கண்ணாடி நழுவாமல் நின்றிருந்தாலும் அவளைக் காத்திராது என்றார் நல்லெயினி. அதைக் காட்டவும் செய்தார். மஞ்சள் தோய்த்த துணித்துண்டுகளை வெயிலில் விரித்து, ஒன்றின் மேல் அரசபரிசுக் கண்ணாடியையும், மற்றொன்றின் மேல் மருந்துக்குப்பி செய்யும் தேன்நிறக் கண்ணாடியையும் வைத்தார். வெயிலில் மஞ்சள் வெளுக்கும் என்பது துணி உலர்த்தும் எவர்க்கும் தெரியும். நான்காம் நாள் பார்த்தால், கரியதாய் நின்ற நம் கண்ணாடியின் கீழிருந்த துணி வெளிறிப் போயிருந்தது. பார்வைக்கு இளநிறமாய் இருந்த தேன்நிறக் கண்ணாடியின் கீழ் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. சுடும் வெயிலை வடிகட்டுவது நிறத்தின் கருமை அன்று என்று ஓலைநாயகத்துக்கு அன்றுதான் விளங்கியது. கருமை மட்டும் உள்ள கண்ணாடி கண்ணை ஏமாற்றுகிறது. இருட்டு என்று நம்பிக் கருமணி அகன்று திறக்க, வடிகட்டாத வெயில் தாராளமாக உள்ளே போகிறது. கதவை அகலத் திறந்து வைத்துக் கள்வனை விருந்துக்கு அழைத்தாற்போல் ஆயிற்று நம் பரிசு.

இவற்றையெல்லாம் அவையில் படித்தபோது, அரசமுக அளவைக் குறை சொல்வதா என்று சிலர் முணுமுணுத்தனர். கோமான் சேந்தியின் கண்ணாடியைக் கேட்டு வாங்கித் தாமே அணிந்தார். அது அவர் மூக்கிலிருந்தும் சறுக்கி மடியில் விழுந்தது. முடிசூடியபோது அவருக்கு வயது பதினேழு, கொழுத்த கன்னம். அதன்பின் முப்பதாண்டு ஆட்சி அக்கன்னத்தைக் கரைத்துவிட்டது. அளவைத் திரும்ப எடுக்கச் சொல்லும் துணிவு எவர்க்கும் வரவில்லை, ஓலைநாயகம் உட்பட. அவையில் ஒருவரும் சிரிக்கவில்லை. கோமான் எழுந்து மிதிவண்டி ஒன்றைக் கொணரச் சொன்னார். உச்சி வெயிலில் அதே கண்ணாடியை அணிந்து, நகரையொட்டிய சிற்றளத்து வரப்பில் மூன்று கல் தொலைவு ஓட்டிச் சென்று திரும்பினார். திரும்பியபோது அவர் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. இது மூன்று கல். அவளுக்கு நாள்தோறும் முப்பது கல் என்றார். அன்று அவர் உணவு கொள்ளவில்லை.

ஆகவே கோமான் ஆணை இது. இன்றுமுதல் கண்ணாடிக்கு அரசமுக அளவு செல்லாது. அணிபவர் எவரோ அவர் முகமே அளவு. பட்டறையார் உம் கோட்டைக்கு வந்து நாற்பது பேர் முகத்தையும் தனித்தனியே அளந்து செல்வார்கள். வராதவர்க்குக் குத்துமதிப்பாகச் செய்யலாகாது. மஞ்சள் துணியில் தேறாத கண்ணாடியை எவர் முகத்திலும் ஏற்றலாகாது. செய்து முடித்தபின் ஒவ்வொருவரும் அதை அணிந்து, குனிந்து, தலையை உதறி, வண்டியில் ஏறி வியர்க்க வியர்க்க ஓட்டிப் பார்க்க வேண்டும். மூக்கில் நிற்க வேண்டும், காதின் பின்னே அழுத்தலாகாது, இமைமயிர் உராயக் கூடாது. பக்கவாட்டில் காற்றும் துகளும் புகாதபடி கன்னத்தோடு வளைந்திருக்க வேண்டும். ஆனால் உள்ளே ஆவி படியாதபடி மெல்லிய காற்றுவழி விட வேண்டும். வெயிலிலிருந்து புன்னைத்தோப்பு நிழலுக்குள் நுழையும்போது வழி தெரியாத அளவுக்குக் கருப்பும் வேண்டா. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், பொருந்தவில்லை என்று அணிபவர் சொல்வதே இறுதிச் சொல். அதைக் குற்றமென எழுதுவோர் ஓலை இனி அவையில் படிக்கப்படாது.

சேந்தியின் பெயர் பட்டியலில் இருக்கிறது, இருக்கும். இடக்கண் நாற்பது நாளில் தேறும் என்கிறார் நல்லெயினி. வலக்கண்ணைப் பற்றி அவர் உறுதி கூற மறுத்துவிட்டார். ஓலைநாயகம் இருமுறை கேட்டும் மறுத்துவிட்டார். மருத்துவச்சி இட்ட கண்கட்டு அவிழ்ந்து அவள் மீண்டும் வண்டியேற விரும்பினால் வழிவிடுக. இயலாதெனின், இனி வரும் கண்ணாடிகளை ஏற்பதும் தள்ளுவதும் அவள் பொறுப்பு. அவள் தள்ளியதை நீர் ஏற்கலாகாது. அதுவரை அவளை நீர் அடைத்துவைத்த சிறையறையிலிருந்து மாற்றி, மருத்துவச்சி சொன்ன இருண்ட குளிர்ந்த அறையில் வைத்துப் பேணுக.

முப்பதாம் ஆட்சியாண்டு ஆனித்திங்கள் பன்னிரண்டாம் நாள், அவையோர் காண வேங்கை முத்திரை இடப்பட்டது. மறுப்போர் கோமானை மறுத்தோர் ஆவர்.

இன்னும் ஒன்று. இவ்வோலை உம் பெயருக்கு வந்ததாயினும் உமக்கு மட்டும் உரியதன்று. சேந்தியின் கண்கள் கட்டப்பட்டிருக்கின்றன. அவளால் படிக்க இயலாது. வேறொருவர் படித்துக்காட்டக் கோமான் இசையவில்லை. நீரே அவள் அறைக்குச் சென்று, வந்திருப்பது யாரென்று சொல்லி, தொடக்கத்திலிருந்து உரக்கப் படிக்கக் கடவீர். உம்மைப் பற்றிய வரிகளை விழுங்காமல் படிக்கவும். கீழே உள்ளது கோமான் தாமே எழுத்தாணி பிடித்து எழுதியது. அதை இருமுறை படிக்கவும்.

சேந்தி, உன் முகத்தைப் பாராமல் கொடுத்தோம். பிழை எம்முடையது. — வயவேந்தன்.