பட்டனை ரெண்டு தடவை அழுத்தினா?

நேற்று கைப்பையின் ஜிப் பிய்ந்துபோனதால் தாம்பரம் மார்க்கெட்டில் புதுப் பை ஒன்று வாங்கி வந்தேன். பழையதைக் கட்டிலில் கவிழ்த்துச் சாமான்களை மாற்றும்போது உன் மஞ்சள் சீட்டு கையில் வந்தது. பின்பக்கப் பசை எப்போதோ காய்ந்துவிட்டது. மஞ்சளும் வெளுத்து மோர்க்குழம்பு நிறத்துக்கு வந்திருக்கிறது. உன் கோணல் எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. ‘பட்டனை ரெண்டு தடவை அழுத்தினா?’ கீழே உன் இன்ஷியல். சாமான்களைப் போட்டது போட்டபடி உட்கார்ந்துவிட்டேன். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. நீ போய் ஆறு வருஷம் ஆகியும் இந்த ஆசை மட்டும் சொல்பேச்சு கேட்பதில்லை.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பக்கத்து அலுவலகத்தில் நாம் வேலை பார்த்தோம். இன்டர்நெட்டிலேயே கரண்ட் பில் கட்டலாம் என்றால் ஜனங்கள் நம்பாத காலம். அந்த மாதிரி மென்பொருளை வங்கிகளுக்குச் செய்துகொடுப்பது நம் வேலை. வெளிநாடு போய் வந்த மேனேஜர் சார் ஒரு புதுப் பழக்கத்தோடு வந்து இறங்கினார். தினமும் காலையில் எல்லாரும் ஒரு வெள்ளைப் பலகை முன்னால் நின்றுகொண்டே பத்து நிமிஷம் பேச வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மஞ்சள் சீட்டு. செய்ய வேண்டியவை, நடப்பவை, முடிந்தவை என்று மூன்று கட்டம். “ஸ்கூல் பிரேயர் மாதிரியே கீது, கொடி மட்டும் எங்க சார்?” என்று நீ முதல் நாளே கேட்டாய். அவரே சிரித்துவிட்டார்.

அந்தப் பலகையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். யார் எங்கே திணறுகிறார்கள் என்று கேட்டு வழி செய்துகொடுக்க வேண்டும். “வேலை செய்யாம வேலை வாங்குற வேலை, குடுத்து வெச்சவடி நீ” என்று சீண்டினாய். நான் இன்றுவரை சோறு தின்பது அந்த வேலையில்தான்.

நீ மென்பொருளைச் சோதிப்பவள். பிறவியிலேயே சோதிப்பவள் என்றும் சொல்லலாம். லிப்ட் பட்டனை ஒரு தடவை அழுத்தி உனக்குப் பழக்கமே இல்லை. கேட்டால் ராஜகீழ்ப்பாக்கத்தில் உன் அப்பாவின் பெயின்ட் கடையை இழுப்பாய். “எங்க அத்தா டப்பாவத் தொறந்து, குச்சியால கலக்கி, செவுத்துல தடவிக் காட்டாம யாருக்கும் பெயின்ட் குடுக்க மாட்டாரு. மூடி மேல எழுதுனதெல்லாம் நம்பப்படாதுடி.” எல்லாரும் சீட்டில் இங்கிலீஷில் எழுத, நீ மட்டும் தமிழில் எழுதுவாய். சந்தேகம் உனக்கு இங்கிலீஷில் வராதாம்.

அந்த வெள்ளிக்கிழமை வங்கிக்காரர்கள் பலகையைப் பார்க்க வருவதாக இருந்தார்கள். நீ படப்பையில் உன் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தாய். பலகையில் எல்லாச் சீட்டும் கடைசிக் கட்டத்தில் இருக்க, உன் சீட்டு மட்டும் நடுக்கட்டத்தில் துருத்திக்கொண்டு நின்றது. உன்னைப் போனில் கேட்டிருக்கலாம். கல்யாண வீட்டில் தொந்தரவு செய்வானேன், இவள் சோதித்துப் பார்க்காமலா போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. பலகை அழகாக இருக்க வேண்டும், என்னைப் பாராட்ட வேண்டும், அவ்வளவுதான். சீட்டை எடுத்து ‘முடிந்தவை’யில் ஒட்டினேன். வந்தவர்கள் பாராட்டினார்கள். அன்று சாயங்காலமே மென்பொருள் வங்கிக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை காலையில் வங்கியிலிருந்து போன் வந்தது. பக்கம் மெதுவாகத் திறந்ததால் ஜனங்கள் பட்டனை இரண்டாவது தடவை அழுத்தியிருக்கிறார்கள். அழுத்தியவர்கள் கணக்கிலிருந்தெல்லாம் பணம் இரண்டு தடவை போயிருக்கிறது.

பலகை முன்னால் எல்லாரும் நின்றோம். மேனேஜர் சார் அந்தச் சீட்டைத் தொட்டுக் காட்டி, “இது யாருது?” என்றார். நீ கைமருதாணி சிவப்பு மாறாமல் அப்போதுதான் வந்திருந்தாய். சீட்டு இருந்த கட்டத்தைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். அந்த ஒரு பார்வையிலேயே உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தாய். நான் குனிந்து மார்க்கர் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“சீட்டு என்னுது சார்” என்றாய்.

அதில் பொய் இல்லை. நகர்த்தியது யார் என்று அவர் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அடுத்த மாதம் நீ கம்பெனி வேலையாக லண்டன் போவதாக இருந்தது. பாஸ்போர்ட் கையில், உன் அம்மா வாங்கிய ஸ்வெட்டர் பெட்டியில். உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார்கள். அப்போதும் வாயைத் திறக்காமல் விசாவுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டவள் நான். இதை எழுதும்போதும் எனக்கு என் மேல் ஆத்திரமாக வருகிறது.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் சானடோரியம் பிளாட்பாரத்தில் உன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை நீட்டினாய். உன் ஸ்வெட்டர். அதன் மேல் இந்தச் சீட்டு.

“அங்க குளுரும். போட்டுக்கோ.”

“நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தேன்.

“இன்னா சொல்லப் போற? எனக்குத் தெரியாததா? வுடு. ஆனா ஒண்ணு, எழுதுன கைதான் சீட்ட நகத்தணும். இனிமே மறக்காத.” வண்டி வந்தது. நீ ஏறிவிட்டாய்.

பிறகு நீ வேறு கம்பெனிக்குப் போனாய், நான் ஊர் ஊராகப் போனேன். பெருநாளுக்குப் பெருநாள் போனில் பேசினோம். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட நினைப்பேன், ஒவ்வொரு தடவையும் நீ வேறு கதைக்குப் போய்விடுவாய். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். உன் அண்ணன் போன் செய்து நான் ராஜகீழ்ப்பாக்கம் வந்து சேர்ந்தபோது உன்னை எடுத்துப் போயிருந்தார்கள். வாசலில் செருப்புகள்தான் கிடந்தன.

இப்போது பலகை கம்ப்யூட்டர் திரைக்குள் போய்விட்டது. பணம் போன் வழியாகப் பறக்கிறது. எந்தக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கப் போனாலும் எழுதிய கைதான் நகர்த்த வேண்டும் என்று நீ சொன்ன விதியைத்தான் முதல் நாள் சொல்கிறேன். ‘ஒரு குழுவில் யாரோ நகர்த்திவிட்டார்கள்’ என்றுதான் கதையைச் சொல்லி வந்தேன். போன வாரம் ஒரு பெண், “அந்தச் சீட்ட நகர்த்தினது யாரு மேடம்?” என்று கேட்டுவிட்டாள். நம் மேனேஜர் சார் கேட்காமல் விட்ட கேள்வி. “நான்தான்” என்றேன். அவள் அதைக் குறித்துக்கொண்டாள். எனக்கு மட்டும், அதைக் கேட்க வேண்டியவள் அங்கே இல்லையே என்றிருந்தது.

இங்கே சொல்கிறேன். நான்தான் நகர்த்தினேன். என்னை மன்னித்துவிடு.

புதுப் பையில் முதலில் உன் சீட்டைத்தான் வைத்தேன். இதில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் எப்போதோ கிடைத்துவிட்டது. ஆனாலும் என் வரைக்கும் இது இன்னும் நடுக்கட்டத்தில்தான் இருக்கிறது. நகர்த்த வேண்டிய கை உன்னுடையது.