வெள்ளிக்கிழமையும் பேன் பார்த்தேன், தவம்

என் அன்பான தவம்,

உமக்கு நல்ல சேதிகளாகத்தான் எழுத நினைத்தேன். குளம் நிறைந்து வழிந்து வான் பாய்ந்தது. காலபோக நெல் சேதமில்லாமல் வெட்டி முடிந்தது. நம் பசு சிவப்பி நாகு கன்று போட்டிருக்கிறாள். எல்லாம் உண்மைதான். ஆனால் எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது வேறு கதை. பேன். ஓம், பேன்தான். சிரிக்காதேயும்.

நம்முடைய மதுசாவின் தலையில் பேன். தை மாதம் தொடங்கிய சண்டை உம்முடைய முதலாம் ஆண்டுத் திவசம் வரை இழுத்துக்கொண்டு வந்தது. வயலுக்குள் இறங்கிய யானையை வெடி கொளுத்தி விரட்டியவன் நான். இந்த எள்ளளவு பூச்சியோடு மாரடித்து எனக்குச் சீவன் போய்விட்டது.

நீர் இருந்தவரை இந்த வீட்டில் பேன் என்ற பேச்சையே நான் கேட்டதில்லை. உண்மையாகவே இல்லாமல் இருந்ததா? அல்லது நான் வயலால் வருவதற்குள் நீர் பார்த்து முடித்துவிடுவீரா? இதையெல்லாம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே. வங்கிப் புத்தகம் எங்கே, அலுமாரித் திறப்பு எங்கே என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும் எல்லாம் சொன்னீர். இதை மட்டும் மறந்துவிட்டீர்.

பள்ளிக்கூடம் தொடங்கிய புதிதில் அவளுடைய வகுப்பு ரீச்சர் என்னை வாசலில் மறித்தார். “ஐயா, குறை நினைக்காதேங்கோ. மதுசாவின்ர தலையை ஒருக்காப் பாருங்கோ. மற்றப் பிள்ளையளின்ர அம்மாமார் வந்து கதைக்கீனம்” என்றார். எட்டிப் பார்த்தேன். நாலாம் ஆண்டு வகுப்பில் எல்லா வாங்கிலும் மூன்று பிள்ளைகள், கடைசி வாங்கில் இவள் தனிய. அன்று எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து முடியைப் பிரித்துப் பார்த்தேன். உம்முடைய முடிதானே, கை நுழையாத அடர்த்தி. காதுக்குப் பின்னால், பிடரியில், எங்கும் ஈர். ஒவ்வொரு மயிரிலும் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அந்தக் கிழமை பொங்கலுக்கு வவுனியாவிலிருந்து உம்முடைய அக்கா வந்தார். பிள்ளையை மடியில் இழுத்து வைத்துத் தலையைத் தடவியவர் கையை எடுத்துவிட்டார். பிறகு என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டார்.

“தம்பி, நான் கோபத்தில சொல்லேல்லை. பொம்பிளைப் பிள்ளை. ஆம்பிளை தனிய வளக்கிறது கஸ்டம். தங்கச்சியின்ர ஆட்டைத் திவசத்துக்கு வருவன். அப்பவும் தலை இந்தக் கோலத்தில கிடந்தால், நான் என்னோட கூட்டிக்கொண்டு போறன்.”

பேனைப் பெருமாளாக்குகிறாரே என்று எரிச்சல்தான் வந்தது. ஆனால் என்ன சொல்லி மறுப்பது? சோறு சமைக்கிறேன், பின்னல் போடப் பழகிவிட்டேன், சீருடை வெள்ளையாகத்தான் இருக்கிறது என்று சொன்னால், “தலையைப் பார்” என்பார். அவர் கெட்டவரும் இல்லை, தவம். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

வேப்பெண்ணெய் பூசினேன். பேனும் போகவில்லை, மணமும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் அதற்கும் அவளுக்கு ஒரு பட்டம் வைத்தார்கள். பக்கத்து வளவுப் பரமேஸ் அக்கா வேலிக்கு மேலால் எட்டி, “அன்னமுன்னா விதையை அரைச்சுப் பூசுங்கோ, ஒண்டும் மிஞ்சாது” என்றார். நானும் அந்தச் சீத்தாப்பழ விதையை அம்மியில் அரைத்துப் பூசினேன். கழுவும்போது கண்ணுக்குள் வழிந்துவிட்டது.

கண் கோவைப்பழமாகிவிட்டது. சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டொக்டர் கண்ணைக் கழுவிவிட்டு, “உது பார்வையையே கெடுக்கும். ஆர் உங்களுக்கு உதைச் சொன்னது?” என்று ஏசினார். திரும்பி வரும் வழியில் பின்னால் இருந்து இவள் கேட்கிறாள்: “நான் கத்தேல்லைத்தானே அப்பா?” நீர் என்றால் என்ன சொல்லியிருப்பீர்?

இது இப்படியென்றால், வயல் மருந்து விற்கும் கடையில் ஒருவர் இன்னொரு யோசனை சொன்னார். பூச்சிக்கு அடிக்கிற மருந்தில் ஒரு மூடி தண்ணீரில் கலந்து தலையில் பூசித் துணியைக் கட்டிவிட வேண்டுமாம். “எங்கட வீட்டில அப்பிடித்தான் அண்ணை” என்று சிரிப்பு வேறு. மருந்து அடித்துவிட்டு நான் வரும் நாளில், கிணற்றடியிலேயே மறித்துக் குளிக்க வைத்த பிறகுதானே நீர் என்னைப் பிள்ளையைத் தொட விடுவீர்? அதைக் கொண்டுபோய்ப் பிள்ளையின் தலையில் ஊற்றுவதா? கடையிலேயே சத்தம் போட்டுவிட்டேன். இப்போது அந்தக் கடைக்குப் போக வெட்கமாக இருக்கிறது, ஆனால் சத்தம் போட்டதில் எனக்குத் துக்கம் இல்லை.

கடைசியில் டவுனில் பாமசியில் வேலைக்கு நின்ற பிள்ளைதான் ஒழுங்கான வழி சொன்னது. முடியை நனைத்து, வழுவழுப்பாகக் கண்டிஷனர் பூசி, பகுதி பகுதியாகப் பிரித்து, அடியிலிருந்து நுனி வரை பேன் சீப்பால் இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுவைக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். ஈர் பொரித்துக்கொண்டே இருக்கும், ஆனபடியால் சில நாளுக்கு ஒருமுறை விடாமல் இழுக்க வேண்டும். மருந்தும் மந்திரமும் இல்லை, பொறுமைதான் வேண்டும் என்றது. பொறுமையா? எனக்கா? நீர் அங்கே இருந்து சிரிப்பது கேட்கிறது.

இழுக்கலாம்தான். எப்போது இழுப்பது? காலையில் பள்ளிக்கூடம். பகலில் எனக்கு வயல். விளக்கு வைத்த பிறகு பேன் பார்க்கக் கூடாது. செவ்வாய் கூடாது, வெள்ளி கூடாது. இத்தனை கூடாதுகளுக்கு நடுவில் நீங்கள் பெண்கள் எல்லோரும் எப்படித்தான் தலை பார்த்தீர்கள்?

ஒரு வெள்ளிக்கிழமை வயல் வேலை இல்லை. வேம்பின் கீழ் கதிரையைப் போட்டு அவளை இருத்தி இழுத்துக்கொண்டிருந்தேன். பரமேஸ் அக்கா கண்டுவிட்டார்.

“ஐயோ, வெள்ளிக்கிழமையில பேன் பாக்கிறியளோ? வீட்டில லட்சுமி தங்க மாட்டா.”

“லட்சுமி போய் வருசமாகப் போகுது அக்கா” என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. மதுசாவின் தோள் என் கைக்குள் இறுகியது. பரமேஸ் அக்காவும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

இத்தனை பாடுபட்டும், தவம், தலை துப்புரவாகி இரண்டு நாள் சந்தோசமாக இருப்பேன். பிறகு பார்த்தால் திரும்பவும் ஒன்று ஊர்ந்துகொண்டு போகும். எனக்குச் சீப்பை முறித்து எறிய வேண்டும்போல இருந்தது.

பங்குனியில் சிறுபோகக் கூட்டம் நடந்தது. வழக்கம்போலச் சண்டை. எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர், எல்லோரும் எந்த நாளில் விதைப்பது என்று. ஒருவர் எழும்பி, “எல்லாரும் ஒண்டா விதைக்கோணும், ஒண்டா மருந்தடிக்கோணும். நான் என்ர வயலுக்கு அடிச்சால் அறக்கொட்டிப் பூச்சி இவன்ர வயலுக்குப் போகும். இவன் அடிக்காட்டில் திரும்ப என்னட்டை வரும்” என்று கத்தினார். எனக்குப் பொறி தட்டியது. ஒரு தலையை மட்டும் பார்த்து என்ன பயன்? பக்கத்துத் தலைகள் அப்படியே கிடக்கின்றனவே!

அன்றே பரமேஸ் அக்காவிடம் போனேன். அவருடைய மகள் கீர்த்தியும் நம் பிள்ளையும் பின்னேரங்களில் தலையோடு தலை முட்டிக்கொண்டு ரெலிபோன் பார்க்கிறவர்கள். வருகிற சனிக்கிழமை நம் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் ஒரே நாளில் தலை பார்ப்போம் என்றேன்.

“எங்கட பிள்ளைக்குப் பேன் இல்லை” என்றார், வெடுக்கென்று.

“இல்லாட்டிலும் ஒருக்கா இழுத்துப் பாருங்கோவன் அக்கா.”

“தாயில்லாத பிள்ளையின்ர தலையைப் பாத்து எங்கட பிள்ளையளையும் எண்ணாதேங்கோ.”

இதைக் கேட்டு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாரும். அடுத்த வீடும் அப்படித்தான், அதற்கடுத்த வீடும் அப்படித்தான். ஒரு வீட்டிலும் பேன் இல்லையாம். நம் வீட்டில் மட்டும் வானத்திலிருந்து விழுந்ததாக்கும்! ஆனால் அந்தச் சனிக்கிழமை, நம்ப மாட்டீர், ஒழுங்கை நெடுக ஒரே தலைமுழுக்கு. வேலிக்குப் பின்னால் பிள்ளைகள் சிணுங்குகிறார்கள், தாய்மார் அதட்டுகிறார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குக் காரியம்தானே வேண்டும்.

இனி முடிந்தது என்று நினைத்தேன். நம் குறிச்சி முழுக்க ஒன்றாக மருந்தடித்தாயிற்று.

உம்முடைய திவசத்துக்கு அக்கா வந்தார். ஐயர் வந்து போய், படையல் முடிந்து, சாப்பிட்டவர்கள் எழும்பிப் போன பிறகு, மதுசாவை வெளிச்சத்தில் இருத்தித் தலையைப் பிரித்தார். நான் தூணோடு நின்றேன். பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. வகிடு வகிடாகப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல இளகி வந்தது. பிறகு பிடரியில் கை நின்றது. நகத்தில் ஒன்றை எடுத்து என்னிடம் காட்டினார். நல்ல கறுத்த, கொழுத்த பேன்.

“தம்பி, நீங்கள் பாடுபட்டது தெரியுது. ஆனால் ஏலாதுதானே. ஒத்துக்கொள்ளுங்கோ” என்றார். குரலில் கோபமே இல்லை. உள்ளே போய் மதுசாவின் உடுப்புகளை ஒரு பையில் அடுக்கத் தொடங்கினார்.

நான் மறிக்கவில்லை, தவம். உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு பேனுக்கே வழி தெரியாதவன், நாளைக்கு அவள் பெரியபிள்ளையானால் என்ன செய்வேன்? அக்கா வீட்டில் பெண்கள் இருக்கிறார்கள். அங்கே அவள் நன்றாக இருப்பாள். இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மதுசா அழவில்லை. வாசலில் நின்று, “பெரியம்மா, என்னால வரேலாது” என்றாள்.

“ஏன் குஞ்சு? பள்ளிக்கூடம் அங்கயும் இருக்குத்தானே.”

“அப்பாக்கும் பேன் இருக்கு. நான் வந்தா அவரின்ர தலையை ஆர் பாக்கிறது?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். என் கை தானாகத் தலைக்குப் போனது. நீர் போன பிறகு நான் சலூன் பக்கம் மிதிக்கவே இல்லை. முடி கழுத்தை மூடிக்கொண்டு கிடந்தது. ஒரே துவாயால் இருவரும் தலை துவட்டுகிறோம், ஒரே பாயில் படுக்கிறோம். ஊரெல்லாம் வேலி வேலியாகப் போய் நியாயம் கதைத்தவன், மருந்தடிக்காத வயல் என் கழுத்துக்கு மேலே இருப்பதை யோசிக்கவே இல்லை.

மச்சான்காரனின் தலையில் கைவைக்க உம்முடைய அக்காவுக்குக் கூச்சம். “இரடி, நீயே காட்டு” என்றார். மதுசா என்னைக் கீழே இருத்தி, பின்னால் நின்று, முடியைப் பிரித்துக் காட்டினாள். எட்டிப் பார்த்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். திவச வீட்டில், உம்முடைய படத்துக்கு முன்னால், சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதார். பிறகு பைக்குள் அடுக்கிய உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலுமாரியில் வைத்தார்.

“ரெண்டு பேரும் துலைஞ்சு போங்கோ” என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

அடுத்த நாள் காலை சலூனுக்குப் போய் ஒட்ட வழித்துவிட்டு வரலாம் என்று சைக்கிளை எடுத்தேன். எனக்கு ஒரு நிமிட வேலைதானே. மதுசா வந்து பின் சீற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்ப தெரியும் உனக்கு?” என்று கேட்டேன்.

“முந்தியே.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“சொன்னா நீங்கள் மொட்டை அடிச்சிருப்பியள். பிறகு எனக்கு மட்டும்தானே இருக்கும்.”

சைக்கிளைத் திருப்பிச் சுவரில் சாத்தினேன்.

தவம், இனி நான் கீழே இருக்கிறேன், அவள் கதிரையில். அவள் எனக்கு இழுக்கிறாள், பிறகு நான் அவளுக்கு இழுக்கிறேன். செவ்வாய், வெள்ளி, விளக்கு வைத்த பின் என்று ஒரு கணக்கும் இல்லை. குற்றமென்றால் நீர்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவளுடைய தலை துப்புரவாகும்வரை நான் முடி வெட்ட மாட்டேன். அதற்குப் பிறகும், எந்தக் கஷ்டம் வந்தாலும், அது அவளுக்கு மட்டும் என்று இருக்க விடமாட்டேன். இது உமக்கு நான் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
உம்மை நினைத்துத் தலை சொறியும் உம்முடைய மனுசன்,
மதுசாவின் அப்பா