உச்சி வெயிலில் காட்டெருமைத் தடம்

ஜூன் 11

விடியலில் நல்ல குளிர். புது விருந்தாளி வந்துவிட்டார். டென்மார்க்கில் கால்நடை வைத்தியராம், பெயர் இங்கெர், அறுபது வயதிருக்கும். காட்டெருமை வேட்டைக்குப் பத்து நாள். வேட்டை முகாம் நடத்தும் ரோர்க் பாஸ் என்னைக் காட்டி, முடெண்டாவைப் போலத் தடம் பார்க்க ஜாம்பேசிப் பள்ளத்தாக்கிலேயே ஆள் இல்லை என்றார். பெருமைப்பட வேண்டியவன், எங்கே ஓடி ஒளியலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறினால் என் கண்ணில் பால் ஊற்றியது போல எல்லாம் வெளுத்துவிடுகிறது. காலையில் பரவாயில்லை, சாய்ந்த வெயிலில் குளம்படி தெரிகிறது. பத்து மணிக்கு மேல்—? மூன்று மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. கண் தெரியாதவனுக்கு இங்கே தோலுரிக்கும் கொட்டகை வேலைதான். இருபத்திரண்டு வருடமாகத் தடம் பார்த்து முன்னால் நடந்தவன் நான்.

ஜூன் 12

ஒன்றும் அகப்படவில்லை. எனக்குப் பின்னால் வரும் இரண்டாவது தடக்காரன் சியான்சோலே நாள் முழுக்கக் கிண்டல். எங்கள் டோங்கா வழக்கத்தில் அவன் குலத்துக்கும் என் குலத்துக்கும் கேலி முறை. அவன் என்ன சொன்னாலும் நான் கோபிக்கக் கூடாது. என் நடையைப் பார்த்துவிட்டு, "ஆமைக்குப் பொண்ணு பாத்தா உன் வீட்டுலதான் பாக்கணும்" என்றான். சிரித்தேன். கண்டுபிடித்துவிட்டானோ?

ஜூன் 14

சாண வண்டு ஒன்று உருண்டையைத் தள்ளிக்கொண்டு மேடேறி, சறுக்கி, மறுபடி ஏறியது. இங்கெர் அம்மா துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அதையே பார்த்தார். பாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு நிம்மதி. அந்த அரை மணி நேரம் நான் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஜூன் 15

இன்சிமாக் களியைப் பாதியில் வைத்துவிட்டேன். நாளை மந்தையைப் பிடித்துவிடுவோம்.

ஜூன் 16

எட்டு மணிக்கு இங்கெர் அம்மா சுட்டார். தோளில் பட்டு, எருமை ஆற்றங்கரைப் பக்கம் ஓடியது. அங்கேதான் சியான்சோலே ஊர்ப் பெண்கள் தண்ணீர் எடுப்பார்கள். காயம்பட்ட எருமை காத்திருந்து குத்தும்.

கடைசி ரத்தம் கிடைத்த இடத்தில் குச்சி நட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தேட வேண்டும். தேடுவது முன்னால் நடப்பவன். விருந்தாளி முன் அவனை மறுத்துப் பேசுவது எங்கள் வழக்கத்தில் இல்லை. பத்தரை மணி. குச்சியை நட்டேன். நாலு பக்கமும் வெள்ளை. ஓர் இலையில் சிவப்பு தெரிந்தது. மேட்டுப் பக்கம் திரும்பினேன். இன்னொரு இலை, இன்னொன்று. ஒரு மணி நேரம் போனோம். பின்னால் சியான்சோலே ஒரு கேலிகூடச் செய்யவில்லை. அதுதான் என்னை நிறுத்தியது.

மண்டியிட்டு இலையை நக்கினேன். துவர்ப்பு. யானை முறித்துப் போட்ட முக்வா கிளையின் பால். வேங்கை மரம் போல இதுவும் ரத்தச் சிவப்பாகப் பால் வடிக்கும். எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

துப்பினேன். "பாஸ், இது ரத்தம் இல்ல. மரத்துப் பாலு. வெயில்ல எனக்குக் கண்ணு தெரியல."

சியான்சோலேயிடம், உனக்கு எப்போது தெரியும் என்றேன்.

"மூணாவது இலையில."

"ஏண்டா சொல்லல? முறைக்காரன்தானே நீ?"

"நீயே பாத்துருவேன்னு நெனச்சேன். பாஸ் முன்னாடி உன் சோத்துல நான் எப்படி மச்சான் மண்ணு போடுறது?"

அங்க உங்க ஊர்ப் பொம்பளைங்கடா! கத்தினேனா, மனதுக்குள் சொன்னேனா, தெரியவில்லை. அவனை முன்னே தள்ளினேன். குச்சி நட்ட இடத்துக்கே திரும்பி ஓடினோம். அங்கிருந்து அவன் ரத்தத்தைப் பிடித்துக் கரைக்கு இறங்கினான். எருமை நாணலுக்குள் நின்றிருந்தது. பாஸும் அம்மாவும் சுட்டு முடித்தார்கள். இருநூறு அடி தள்ளித் தண்ணீர்த் துறை. பெண்கள் குடங்களோடு அப்போதுதான் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை.

அவன் ஊர்ப் பெண்களுக்காகவா பயந்தேன், என் வேலைக்காகவா? மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது நானல்லவா.

ஜூன் 17

பாஸ் வண்டியைக் கழுவச் சொன்னார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 20

இங்கெர் அம்மா கிளம்பும்முன், மாட்டுக்குப் பார்ப்பது போலக் கட்டைவிரலால் என் இமையைத் தூக்கிப் பார்த்தார். "நாய்க்கும் இந்தக் கண்புரை வரும். படலத்தை எடுத்துட்டா சரியாயிடும்" என்றார். பிறகு, "ஊருல கேட்டா எருமையப் பத்திச் சொல்ல மாட்டேன். நீ இலைய நக்கித் துப்பினியே, அதத்தான் சொல்வேன்." என் வாழ்க்கையின் மோசமான நிமிடம் அவருக்கு ஞாபகார்த்தமா? எரிச்சல் வந்தது. வண்டி மறைந்த பிறகும் தீரவில்லை.

பாஸ் வந்து சொன்னார்: இனி சியான்சோலே முன்னால், நான் பின்னால். கொட்டகை இல்லை. நன்றி சொன்னேன். சொல்லிவிட்டு ஆற்றங்கரைக்குப் போய் அழுதேன்.

ஜூலை 3

ஆஸ்பத்திரியில் செப்டம்பருக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

இன்று புது விருந்தாளி. இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக என் கண்முன் ஒரு முதுகு, சியான்சோலேயுடையது. அவன் தடத்தைத் தவறவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன், இதையும் எழுதிவிடுகிறேன். எட்டு மணி வாக்கில், நல்ல வெளிச்சத்தில், மந்தை பிரிந்த இடத்தில் உண்மையாகவே தவறவிட்டான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

"தடம் இடது பக்கம் போகுது, மச்சான்" என்றேன், விருந்தாளிக்கும் கேட்கும்படி.

அவன் நின்றான், பார்த்தான், இடது பக்கம் திரும்பி நடந்தான்.