வெள்ளைப் பூ

பிளேஸ்டோ, லண்டன், ஒக்டோபர் 1994

இஞ்சாருங்கோ,

கொழும்பில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததை இங்கே டீவியில் காட்டினார்கள். அன்று தொடக்கம் எனக்கு நித்திரையில்லை. விசா கைக்கு வந்த பிறகும், சனாதிபதித் தேர்தலில் வாக்குப் போட்டுவிட்டுத்தான் லண்டனுக்கு வருவேன் என்று நிற்கிறீர்கள்.

எண்பத்திரண்டிலும் எண்பத்தெட்டிலும் இப்படித்தான் மை பூசிய விரலைக் காட்டி, "இந்த முறை எல்லாம் சரிவரும்" என்றீர்கள். எந்தச் சனாதிபதி என்ன சொல்லிப் பதவிக்கு வந்தார் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். சொன்னதைச் செய்தார்களா என்று நான் கேட்டால் மட்டும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வீர்கள்.

என் பேச்சுத்தான் எடுபடாது. அதனால் முருகன் கோயிலில் பூக்கட்டி வைத்துப் பார்த்தேன். சிவப்பு வந்தால் நீங்கள் நின்று வாக்குப் போடலாம், வெள்ளை வந்தால் உடனே புறப்பட வேண்டும். இரண்டு பொட்டலத்தில் ஒன்றைச் சின்னவள் எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

"அப்ப அப்பா வாறாரோ?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

மற்றப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று கட்டாயம் கேட்பீர்கள். அதிலும் வெள்ளைதான்.

முருகனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் அம்மா