செவ்வாய்க்கிழமை எழும்பிய கோடு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தில்தான் எனக்குச் சந்தேகம். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள், ஆனால் கடைசிவரை படி.

பலூன் இன்னும் பறக்கவில்லையாமே? காற்று அடங்கக் காத்திருக்கிறீர்கள் என்று பெரிய மேடம் சொன்னார். வான்வெளியில், நம் பால்வீதியின் நடுவில், துகளும் எதிர்த்துகளும் முட்டிக்கொண்டு இரண்டுமே இல்லாமல் போகும்போது வருகிற கதிரைப் பிடிக்கத்தானே பலூனில் ஏற்றுகிற அந்தக் கருவி? ஆறு வருஷமாக ஆய்வுக்கூடத்தில் தரை துடைக்கிறேன், இதுகூடத் தெரியாதா?

நேற்று மேடம் கருவியின் பழைய பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். நீயும் கருவியும் லாரியில் கிளம்புவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, அதே கதிரின் கோடு மலை மாதிரி எழும்பியிருக்கிறது. அதுவும் மூடிய அறைக்குள். மதியம் ஒன்றரைக்குப் படுத்து, இரண்டுக்குத் திரும்ப எழுந்து, சாயங்காலத்துக்குள் தேய்ந்துவிட்டது. "இது வானத்துல இருந்து வரலம்மா. ஸ்கேனுக்கு ஊசி போட்டுக்கிட்டு யாரோ நேரா இங்க வந்திருக்காங்க" என்று சிரித்தார். அந்த ஊசி மருந்தும் இதே கதிரைத்தான் விடுமாம்; போட்டுக்கொண்டவர்கள் அன்றைக்குப் பிள்ளைத்தாய்ச்சி பக்கத்தில் போகக்கூடாதாம்.

ஒன்றரைக்குச் சாப்பிடப் போகிற மெக்கானிக் நீ ஒருவன்தான். மற்றவர்கள் பன்னிரண்டுக்கே தட்டைக் கழுவிவிடுவார்கள்.

அந்த ஸ்கேன் எதற்கு என்று கேட்டேன். மேடம் சிரிப்பை நிறுத்திவிட்டு, பெரும்பாலும் உடம்பில் கட்டி இருக்கிறதா என்று தேடத்தான் என்றார். நான் மாப்பை வாளியில் முக்கினேன், திரும்பவும் முக்கினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வெறும் வயிற்றோடு கிளம்பினாய். சாயங்காலம் திரும்பும்போது முழங்கை மடிப்பில் பிளாஸ்திரி. கேட்டதற்கு ஸ்பேனர் கீறியது என்றாய். நரம்பு பார்த்துக் கீறுகிற ஸ்பேனரா? மாசமாக இருக்கிற என் மகள் பக்கத்தில் உட்கார வந்ததும் மாடிக்கு ஓடினாய். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? யாரோ ஒருத்தி மாட்டிவிட்டாள், போனில் கொஞ்சத்தான் ஓடுகிறாய் என்று. கல்யாணத்துக்கு என்ன நிறச் சேலை கட்டலாம் என்றுகூட யோசித்து வைத்தேன்.

வானத்தைப் பார்க்கச் செய்த கருவியையே உன்னால் ஏமாற்ற முடியவில்லை. என்னையா ஏமாற்றப்போகிறாய்? மேடத்திடம் நான் வாய் திறக்கவில்லை. அதை நீயே சொல்லிவிடு. எனக்கு ரிசல்ட்டை மட்டும் எழுது. நல்லதோ கெட்டதோ, ஒரு வரி போதும்.

அடுத்த ஊசிக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போடா. பக்கத்தில் வரக்கூடாது என்றால் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

நூறு வயது வரை நீ என்னிடம் திட்டு வாங்க வேண்டும்.

உன்
அக்கா