பானைக்குள் கடைத் தயிர்

அன்பு மகள் ராத்காவுக்கு அம்மா எழுதுவது. வலென்சியாவில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

தேறிவிட்டேன் என்று அப்பா உன்னிடம் போனில் சொல்வதெல்லாம் பொய். நெஞ்சுச் சளிக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் குடலில் இருந்த நல்ல கிருமிகளையும் வாரிக்கொண்டு போய்விட்டது, அந்த இடத்தில் கெட்டது ஒன்று குடியேறிவிட்டது என்று ஸ்மோலியான் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னாள். வயிற்றுப்போக்கு நின்றபாடில்லை, மனிதர் பாதியாகிவிட்டார். ஆஸ்பத்திரியில் படுத்து அதற்கான மருந்து எடுக்கணும், தயிர் சாப்பிடட்டும், ஆனா தயிரை மட்டும் நம்பி இருந்துடாதீங்க என்றாள். இவர் கேட்டால்தானே. மருந்துதானே என்னைக் கெடுத்துச்சு, திரும்பப் போய் மருந்து குடிக்க நான் என்ன மடையனா என்று ஒரே பிடிவாதம். இயற்கை வைத்தியர் காலினிடம் போனோம். அவனைக் குறை சொல்ல மாட்டேன். முட்டைக்கோஸ் ஊறிய புளிப்புத் தண்ணீர், காய்ந்த புளுபெர்ரிக் கஷாயம், வீட்டுத் தயிர் என்று சொன்னவன், காய்ச்சல் வந்தா எங்கிட்ட வராதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றும் சொன்னான். காய்ச்சல் வந்துவிட்டது. அப்பாவுக்கு அந்தப் பாதி மட்டும் மறந்துவிட்டது.

இதில் கொடுமை என்னவென்றால், அவர் நம்பிக்கொண்டிருக்கிற நம் வீட்டுத் தயிர் உறையே இப்போது இல்லை. ஆஸ்பத்திரிக்கு அலைந்த நாட்களில் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது, அவரிடம் சொல்லத் துணியவில்லை. அவர் நாக்குதான் உனக்குத் தெரியுமே. ஊரில் புனித ஜார்ஜ் திருநாளில் கண்ணைக் கட்டிக்கொண்டு யார் வீட்டுத் தயிர் என்று சொல்லிவிடுவார். இது மில்கா வீட்டுது, அவ மாமியார் கோபமும் சேர்ந்து புளிச்சிருக்கு என்று சொல்லி ஊரையே சிரிக்கவைத்தவர். அதனால் கடையில் டப்பாத் தயிர் வாங்கி நம் மண்பானையில் ஊற்றி, கம்பளியைச் சுற்றி வைத்தேன். வேண்டுமென்றேதான் பக்கத்தில் இருக்கிற மில்காவிடம்கூட வாங்கவில்லை. முதல் கரண்டியிலேயே கண்டுபிடித்துக் கத்தட்டும், நம் உறை செத்துவிட்டது, இனி ஆஸ்பத்திரிதான் என்று சொல்லி வண்டியில் ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

அவர் சாப்பிட்டார். இன்னொரு கரண்டி கேட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. பாத்தியா நெவெனா, இதுதான் நம்ம வீட்டுது, இது உள்ள போயிடுச்சுல்ல, இனி எழுந்துடுவேன் என்றார். அவருக்கு நாக்கு ருசியும் போய்விட்டது ராத்கா. இப்போது தினமும் பானையைக் கேட்கிறார், ஆஸ்பத்திரி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நானும் டப்பா வாங்கி ஊற்றிக்கொண்டே இருக்கிறேன். உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பேன், அந்தச் சந்தோஷ முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொள்வேன். நான் செய்த தந்திரமே அவரை வீட்டோடு கட்டிப்போட்டுவிட்டது. எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது கண்ணு.

தயிர்க் கிருமி மாத்திரை எதையும் பார்சலில் அனுப்பாதே, நீ வா. பக்கத்தில் உட்கார்ந்து, அது கடைத் தயிர் அப்பா என்று நீயே சொல்லிவிடு. மனசு உடைந்தால் உடையட்டும், ஆள் மிஞ்சட்டும். கடவுள் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். மலைப்பாதையில் இன்னும் பனி இருக்கிறது, கனமான கோட்டு எடுத்துவர மறக்காதே. அப்பா உள்ளேயிருந்து தயிர் கேட்கிறார், கொடுத்துவிட்டு வந்து கடித உறையை ஒட்டுகிறேன்.

உன் அம்மா
நெவெனா