செவ்வாய்க்கிழமை மாறிய ஏழு பூஜ்யங்கள்

வெல்கோ,

அக்கா வீட்டுக்குப் போகிறேன். பீன்ஸ் சூப் அடுப்பில் இருக்கிறது.

நாலு மணிக்கு உன் பேராசிரியர் வருமுன் இதைப் படித்துவிடு. கணினியின் நினைவகம் முழுக்கப் பூஜ்யங்களை நிரப்பி, விண்வெளிக் கதிர் பட்டு ஏதாவது மாறுகிறதா என்று மே மாதத்திலிருந்து காத்திருக்கிறாய். ஜூனில் ஒன்றே ஒன்று மாறியது. போன செவ்வாய் மதியம் மட்டும் ஏழு! "ரத்கா, வானம் நம்ம வீட்டுக் கதவைத் தட்டியிருக்குடி!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினாய்.

வானம் இல்லை, நான்தான். பால்கனி பிளக் வேலை செய்யவில்லை. "இதுல மட்டும் எதையும் செருகிடாதே, தாயே" என்று நீ கெஞ்சிய, உன் கணினிக்குப் பக்கத்துப் பிளக்கில்தான் குடைமிளகாய் சுடும் அடுப்பைச் செருகினேன். போடும்போதெல்லாம் விளக்கு மங்கியது. அன்றே சொல்லியிருக்கலாம். அந்த ஏழைப் பார்க்க வரச்சொல்லி நீ பேராசிரியருக்கு போன் செய்தபோதும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அதை நினைத்தால் கூசுகிறது. நேரில் சொல்லத் தெம்பில்லை.

ரத்கா

சுட்ட மிளகாய் பன்னிரண்டு ஜாடி, கட்டிலுக்கடியில் போர்வைக்குள் ஒளித்திருக்கிறேன்.

ஜூனில் மாறிய அந்த ஒன்றை அவரிடம் காட்டு. அன்று நான் ஊரிலேயே இல்லை.